கணினித் தமிழும் இலக்கண விதிகளும்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் போன்ற பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்பவர்களும், மென்பொருள் வேலைக்காக அண்மையில் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் குடியேறியவர்களும், தமிழில் நாலு வரி எழுத உட்காரும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கோயில் அழைப்பிதழ், குடியிருப்பு அறிவிப்பு, வார இறுதித் தமிழ் வகுப்பு, குடும்ப வாட்ஸ்ஆப் குழு ஆகிய இடங்களில் எழுந்த கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறோம்.

பள்ளியில் ஒழுங்காக ஒற்றுப் போட்டு எழுதியவர்கள்கூட அலைபேசியில் “அந்த கடை” என்றே எழுதுகிறார்கள். ஏன்?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணத்தில் பாதி விசைப்பலகையில் இருக்கிறது. அலைபேசியின் பலகை, நாம் இரண்டு எழுத்துகளைத் தொட்டவுடனேயே முழுச் சொல்லையும் ஊகித்து மேலே காட்டுகிறது. “அந்த” என்பதைத் தொட்டால் சொல் முடிந்துவிடும். இடைவெளியும் தானாகவே விழுந்துவிடும். தமிழில் ஒரு சொல்லின் கடைசியில் ஒற்று வருமா, வந்தால் எந்த ஒற்று என்பதை அடுத்த சொல்லின் முதல் எழுத்துத்தான் தீர்மானிக்கிறது. “அந்தக் கடை”, “அந்தத் தெரு”, “அந்தப் பையன்”, “அந்த ஊர்” என்று நான்கு விதமாக முடிய வேண்டிய சொல்லை, அடுத்து வருவது கடையா ஊரா என்று தெரிவதற்கு முன்பே பலகை முடித்துக் கொடுத்துவிடுகிறது. பிறகு ஒற்றைப் போட வேண்டுமானால், இடைவெளியை அழித்து, மெய்யையும் புள்ளியையும் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட வேண்டும். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

இந்தச் சிக்கலின் வேர் கணினிக்கு முந்தியது. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; வரி முழுவதும் ஒரே ஓட்டமாக இருக்கும். புணர்ச்சி விதிகள் அந்த ஓட்டத்துக்காக, அதாவது வாயிலும் காதிலும் நிகழ்வதற்காகச் சொல்லப்பட்டவை. அச்சு வந்து இடைவெளி நிலைபெற்ற பிறகு, அந்த ஒற்று இரண்டு சொற்களுக்கு நடுவே, முதற்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கையால் எழுதுபவருக்கு அடுத்த சொல் மனத்தில் முன்கூட்டியே இருப்பதால் அது உறுத்தவில்லை. சொல் சொல்லாக வெட்டிக் கொடுக்கும் பலகையில்தான் அந்தப் பழைய ஒட்டு பிரிந்துபோகிறது.

ஒற்றுப் போடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

சில இடங்களில் பொருளே மாறிவிடும். “வேலை கொடு” என்றால் பணி கொடு என்று பொருள். “வேலைக் கொடு” என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறோம். “தந்த பலகை” யாரோ கொடுத்த பலகை. “தந்தப் பலகை” யானைத் தந்தத்தால் ஆனது. ஆனால் இத்தகைய எடுத்துக்காட்டுகளைப் பாடநூல்கள் திரும்பத் திரும்பக் காட்டுவதால், பொருள் மாறாத இடத்தில் ஒற்றுத் தேவையில்லை என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. அது சரியன்று. தமிழில் க என்ற ஒரே எழுத்து, நிற்கும் இடத்தைப் பொறுத்து வலிந்தும் மெலிந்தும் ஒலிக்கும்: “கடல்”, “தங்கம்”, “அகம்” ஆகிய மூன்றிலும் அதன் ஒலி வேறு. “வரச் சொன்னார்” என்பதில் உள்ள ச், அடுத்த எழுத்தை வலித்து உச்சரிக்கச் சொல்லும் குறிப்பு. அதை எடுத்துவிட்டால் உரக்கப் படிப்பவர் தடுமாறுவார்.

எல்லா விதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகிய சொற்களுக்குப் பின்னும், ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும் இடங்களிலும் (“கதவைத் திற”, “கடைக்குப் போ”), “தேடிப் பார்”, “வரச் சொல்”, “படித்துக் காட்டு” போன்ற வினையெச்சங்களுக்குப் பின்னும் போட்டாலே அன்றாட எழுத்தில் பெரும்பாலான இடங்கள் சரியாகிவிடும். “வந்து பார்”, “செய்து கொடு” என்பவற்றில் மிகாது என்பதைக் காதே சொல்லிவிடும்.

விட்டுப்போன ஒற்றைவிட, வேண்டாத இடத்தில் போட்ட ஒற்றுத்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. “வந்தப் பையன்”, “படித்தப் புத்தகம்” என்று எழுதுபவர்கள் விதி இருப்பதை அறிந்தவர்கள். எங்கே இருக்கிறது என்பதைக் காதால் கேட்டுப் பார்க்காதவர்கள். இப்படிப்பட்ட பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. எந்தத் தமிழரும் “வந்தப் பையன்” என்று பேசுவதில்லை.

தமிழ்99 பலகைக்கு இலக்கணம் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே: ங, க என்று தட்டினால் ங்க, ந, த என்று தட்டினால் ந்த. எந்த மெய் எதனோடு மயங்கும், அதாவது சேர்ந்து வரும் என்று இலக்கணம் சொல்வதை அந்தப் பலகை விசைகளுக்குள் வைத்திருக்கிறது.

ஆனால் அந்த அறிவு ஒரு சொல்லுக்குள்ளே மட்டும்தான் செல்லும். இடைவெளி வந்துவிட்டால் பலகைக்கு அடுத்த சொல் தெரியாது. “அந்தக் கடை” என்பதில் உள்ள க் நாமே தட்ட வேண்டியது.

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் முறையில் இந்த உதவியும் இல்லை. அங்கே தட்டுபவர் ஒலியை ஆங்கில எழுத்தாக மாற்றி, வந்து விழும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். “பணி”யா “பனி”யா என்பதை விரல் முடிவு செய்வதில்லை. பட்டியலில் முதலில் நிற்பது எதுவோ அது முடிவு செய்கிறது.

எங்கள் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்திலோ கன்னட எழுத்திலோ எழுதுகிறார்கள். இதனால் தமிழ் கெட்டுவிடாதா?

இந்நகரத்தில் இது மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கேட்கப்படுவது இயல்பே. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் மட்டும் எழுதப் படித்த ஒரு பிள்ளைக்குத் தமிழ் காதில் இருக்கும், கையில் இருக்காது. அந்தப் பிள்ளை பாட்டிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால், தெரிந்த எழுத்தில்தான் அனுப்பும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் வழக்கம் பரவியதற்குக் கருவிகளும் ஒரு காரணம். பழைய குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 கொள்ளும். தமிழ் போன்ற எழுத்துகளில் எழுதினால் 70 குறியீடுகள் மட்டுமே கொள்ளும். அந்த 70-உம் 70 எழுத்து அல்ல. “நன்றி” என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என ஐந்து. செய்திக்குக் காசு கொடுத்த காலத்தில், தமிழில் நீளமாக எழுதியவர் அதே செய்திக்கு ஏறத்தாழ இரட்டிப்புக் கொடுக்க நேர்ந்தது. அன்று பழகிய விரல்கள் இன்னும் மாறவில்லை.

எந்த எழுத்தில் எது தொலைகிறது என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஆங்கில எழுத்தில் குறில் நெடிலும், த–ட வேறுபாடும் சேர்ந்தே மங்குகின்றன. “பத்து”, “பட்டு”, “பாட்டு” மூன்றையும் பலர் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். கன்னட எழுத்தில் அந்த இழப்பு இல்லை. அதில் குறில் எகர ஒகரங்கள் உண்டு, ட உண்டு, ண உண்டு, ள உண்டு. அதில் இல்லாதவை ழகரமும் றகரமும்; பழங்கன்னடத்தில் இரண்டும் இருந்து பிற்காலத்தில் வழக்கொழிந்தன. நகரத்துக்கும் னகரத்துக்கும் கன்னடத்தில் ஒரே எழுத்து. ஆயினும் அதனால் பெரிய நட்டமில்லை. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன என்று விதியைக் கொண்டே மீட்டுக்கொள்ளலாம். “வலி”, “வழி”, “வளி” ஆகியவற்றையும் “கரி”, “கறி” ஆகியவற்றையும் விதியால் மீட்க முடியாது. அவை கண்ணால் பழக வேண்டியவை.

கன்னட எழுத்தில் தமிழ் எழுதும் பிள்ளை, தன்னை அறியாமல் ஓர் இலக்கணப் பயிற்சியும் செய்கிறது. கன்னடத்தில் ககரத்துக்கு வல்லொலி வேறு, மெல்லொலி வேறு எழுத்து. “தங்கம்” என்று எழுத எந்தக் ககரத்தை எடுப்பது என்று அது யோசித்தே ஆக வேண்டும். தமிழ் எழுத்தில் ஏன் ஒரே க போதுமானதாக இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு விளக்குவது, தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு விளக்குவதைவிட எளிது. ஆகவே கன்னட எழுத்தைப் பிடுங்கிப் போட வேண்டாம். ழ, ற இரண்டையும் அதன் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

“பெங்களூர்” என்று எழுதுவதா, “பெங்களூரு” என்றா? “பெங்களூரில்” சரியா, “பெங்களூருவில்” சரியா?

2014 நவம்பர் 1 முதல் அரசு ஆவணங்களில் ஊரின் பெயர் பெங்களூரு. முகவரியிலும் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள். மற்ற இடங்களில் “பெங்களூர்” தவறில்லை. “ஊர்” என்ற நம் சொல்லோடு முடியும் பெயர் அது. பேச்சில் நாம் “ஊரு”, “பாலு”, “காரு” என்று உகரம் சேர்த்தே சொல்கிறோம் என்பதால், பெங்களூரு நம் வாய்க்கும் புதிதில்லை.

உருபு சேரும்போதுதான் கேள்வி வருகிறது. கு, சு, டு, து, பு, று ஆகிய வல்லின உகரங்களே குற்றியலுகரமாகும், அதாவது குறுகி ஒலிக்கும்; “ரு” குறுகாத முற்றியலுகரம். ஆகவே இடையில் வகரம் தோன்றிப் “பெங்களூருவில்” என்றாவது முறைதான். அதே சமயம், முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. “கதவு” என்பதோடு ஐ சேர்ந்து “கதவை” ஆவதைப் போல. அந்த வழியில் “பெங்களூரில்” என்பதும் சரியே. நான் “பெங்களூரில்” என்பதையே எழுதுவேன்; ஊரின் பெயரை எப்படி எழுதினாலும் இந்த வடிவம் பொருந்தும். “பெங்களூருக்கு” என்பதில் சண்டையே இல்லை, இரண்டு பெயரிலிருந்தும் அதே வடிவந்தான் வருகிறது.

அல்சூருக்கும் இதே கதை. மெட்ரோ நிலையத்தின் பெயர் ஹலசூரு, வீட்டில் அல்சூர். வரைபடத்தில் தேடும்போது முதலாவதையும், உறவினருக்கு வழி சொல்லும்போது இரண்டாவதையும் பயன்படுத்துங்கள்.

கோப்பில் இருக்கும் சொல்லைத் தேடினால் கணினி “இல்லை” என்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். “கௌரி” என்பதில் ஔகாரக் குறி தனிக் குறியீடு. பலர் எகரக் குறியோடு ளகரத்தைச் சேர்த்துக் “கெளரி” என்று தட்டிவிடுகிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரிவதே அரிது. கௌடா என்ற பெயர் தெருவுக்குத் தெரு இருக்கும் நகரத்தில் இது சிறிய தொல்லை இல்லை. ஸ்ரீ என்பதற்கும் இரண்டு வழிகள் உள்ளன: ஸகரத்தைக் கொண்டு தட்டுவது பழைய வழி, 2005-இல் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொது அட்டவணையில், தனியாகச் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டு தட்டுவது மற்றொன்று. உங்கள் உறுப்பினர் பட்டியலில் ஸ்ரீராமபுரத்துக்காரர்கள் பாதிப்பேர் காணாமல் போனால் இதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, தமிழ்ச் சொல் உருபேற்கும்போது உருமாறுவது. “வீடு” என்று தேடினால் “வீட்டில்” கிடைக்காது. “மரம்” என்று தேடினால் “மரத்தடி” கிடைக்காது. “வீ”, “மர” என்று குறுகலாகத் தேட வேண்டியிருக்கும். மூன்றாவது, இடைவெளி: “தமிழ்நாடு” என்று தேடினால் “தமிழ் நாடு” சிக்காது. ஓர் ஆவணத்துக்குள் ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுவது, எந்த முறை சரி என்று வாதிடுவதைவிட உதவும்.

பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் பன்னீர்செல்வம் பரமசிவத்துக்கு முன்னால் வருகிறார். இது சரியா?

சரியன்று. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். யூனிகோடில் அது நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாகப் போடப்பட்ட பழைய அட்டவணையின் எச்சம் அது. தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள் இதைத் திருத்திக்கொள்ளும். தெரியாதது குறியீட்டு எண்ணின்படி அடுக்கிவிடும்.

“குமார்-க்கு”, “கணக்கு-இல்” என்று சிறு கோடு போட்டு எழுதுவது எங்கிருந்து வந்தது?

நிரப்பும் படிவங்களிலிருந்து பெருமளவு வந்தது என்று கருத இடமிருக்கிறது. ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே செய்தியை அனுப்பும்போது, பெயருக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதன் பின்னால் உருபை ஒட்டிவைக்கிறது. வரப்போகும் பெயர் குமாரா, கமலாவா, முருகனா என்று முன்கூட்டித் தெரியாததால் “குமாருக்கு”, “கமலாவுக்கு”, “முருகனுக்கு” என்று சாரியை, உடம்படுமெய் ஆகிய இணைப்பு எழுத்துகளைச் சேர்க்க அதற்கு வழியில்லை. கோடு போட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எண்களுக்குப் பின் கோடு போடுவது பழைய, பயனுள்ள வழக்கம். மனிதர் பெயருக்குப் பின் அது தேவையில்லை; பெயரை அறிந்து எழுதும் நமக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது.

இதே காரணத்தால் சமூக ஊடகங்களின் அறிவிப்புகளில் எல்லோரும் “அவர்” ஆகிவிட்டார்கள். “விரும்பினான்”, “விரும்பினாள்” என்று ஒருமையில் எழுதினால் தமிழ் வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டாமல் முடியாது. கணினிக்கு அது தெரியாது. ஆகவே பள்ளிச் சிறுவனும் “படத்தை விரும்பினார்”. இந்தத் தவிர்ப்பு மட்டும் நல்ல பழக்கமாக முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

“சேமி”, “அனுப்பு”, “நீக்கு” என்று பொத்தான்கள் ஒருமையில் பேசுவதாகச் சிலர் வருந்துகிறார்கள். வருந்த வேண்டாம். பொத்தானில் இருப்பது நாம் கருவிக்கு இடும் ஏவல். கருவி நம்மிடம் பேசும்போது “கடவுச்சொல்லை உள்ளிடவும்” என்று மரியாதையாகவே கேட்கிறது. அந்த “-வும்” யாரும் பேசாத வடிவம். குடியிருப்புக் குழுக்களில் “தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்” என்று அது பெருகியிருப்பதைப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் “பயன்படுத்துங்கள்” என்றே சொல்லலாமே என்று தோன்றும்.

பிழைதிருத்தியை நம்பலாமா?

எழுத்துப் பிழைக்கு ஓரளவு நம்பலாம். சொற்பட்டியலை மட்டும் வைத்துத் தமிழைத் திருத்த முடியாது. “வீடு” என்ற ஒரு சொல்லே வீட்டை, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயும் என்று வளர்ந்துகொண்டே போகும். வாணி, மென்தமிழ் போன்ற தமிழ்ப் பிழைதிருத்திகள் வேரையும் விகுதியையும் பிரித்துப் பார்க்க முயல்கின்றன. நாவி என்னும் கருவி சந்திப் பிழைகளை, அதாவது ஒற்று மிகும் மிகா இடப் பிழைகளைக் காட்டுகிறது. ஆனால் “வழி” என்று எழுத வேண்டிய இடத்தில் “வலி” என்று எழுதினால், அதுவும் நல்ல சொல்லே என்பதால் பெரும்பாலும் எதுவும் சிவக்காது. மறுபக்கம், கோரமங்களா, பனசங்கரி போன்ற ஊர்ப்பெயர்களின் கீழ் கோடு விழலாம். அதைக் கண்டு பெயரை மாற்றிவிடாதீர்கள்.

இலக்கணக் கண்டிப்பில் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. “மரங்கள் விழுந்தது” என்று பேசலாம். எழுதும்போது “விழுந்தன” வேண்டும். உயிரெழுத்துக்கு முன் “ஓர்” எழுதுவது எளிது, செய்துவிடுங்கள். ஒருமைக்கு “அன்று”, பன்மைக்கு “அல்ல” என்ற வேறுபாட்டை நான் கடைப்பிடிக்கிறேன். “இது என் புத்தகம் அல்ல” என்று எழுதுபவரைத் திருத்த மாட்டேன்.

பேசுவதைப் போலவே செய்தி எழுதினால் தவறா?

தவறில்லை. அக்காவுக்கு “நான் நாளை வருகிறேன்” என்று எழுதினால், ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். சிக்கல் வேறு: பேச்சுத் தமிழுக்கு ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டல் இல்லை. “வரேன்”, “வர்றேன்”, “வர்ரேன்” மூன்றும் ஒரே குழுவில் ஒரே நாளில் வரும். பலகை, நாம் முன்பு தட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடியும் நீட்டுவதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனி எழுத்துக்கூட்டல் உறுதிப்பட்டுவருகிறது. உறவினருக்குள் அது போதும். பள்ளிக்கு எழுதும் விண்ணப்பத்திலும் அதே பழகிய வடிவம் முன்னால் வந்து நிற்கும்போதுதான் கவனம் வேண்டும்.

கருவிக்காக மொழியை மாற்றுவது இதற்கு முன் நடந்திருக்கிறதா?

எழுத்து மாறியிருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. பெரியார் இந்த வடிவங்களை 1935-லேயே தம் இதழில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அச்சுக்கோப்பதும் கற்பதும் எளிதாகும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. இன்றைய கணினிக்குத் துதிக்கை போட்ட பழைய லை வரைவது ஒரு சுமையே அல்ல. ஈய அச்சு போய்விட்டது. அதற்காக வந்த வடிவம் நிலைத்துவிட்டது.

அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கும் ஆறாம் வகுப்பு மகளுக்கும் எந்தப் பலகையைப் போட்டுத் தருவது?

அம்மா கையால் தமிழ் எழுதிப் பழகியவர் என்றால், திரையில் விரலால் எழுதும் வசதியைப் போட்டுக் கொடுங்கள். அந்த முறையில் ஒற்றும் பெரும்பாலும் தானாக வந்துவிடும். மகள் இனிமேல்தான் தட்டச்சுக் கற்கப்போகிறாள் என்றால் தமிழ்99 போடுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் அமைப்புகளில் மொழியைச் சேர்த்தாலே கிடைக்கும். இரண்டு பேருக்கும் சொல் ஊகிப்பதை ஒரு மாதத்துக்கு அணைத்து வையுங்கள். அதன் பிறகு அவர்கள் கேட்டால் போட்டுக் கொடுக்கலாம்.